பூங்கனியின் இடது முட்டி

தோற்பதிலும் ஒரு லாபம் உண்டு என்பதைத் தூத்துக்குடிப் பெண்கள் வாலிபால் அணி மூன்று வருடமாக ஊருக்கே காட்டிக்கொண்டிருந்தது. லீக்கில் கடைசியாக வருகிற அணிக்கு, அடுத்த தேர்வு நாளில் முதல் பெயரைக் கூப்பிடும் உரிமை. எட்டு அணிகளில் எட்டாவதாக வருவதில் தூத்துக்குடிக்குப் போட்டியே கிடையாது. முதல் தடவை மாநிலத்திலேயே உயரமான பெண்ணைக் கூப்பிட்டார்கள். அடுத்த தடவை அவளைவிட இரண்டு விரற்கடை உயரமான இன்னொருத்தி. இரண்டு பேரும் வலைக்கு மேலே கையைத் தூக்கிக்கொண்டு பந்து வரும் வரும் என்று காத்திருந்தார்கள். பந்து வந்தபாடில்லை.

"இந்த வருஷம் செட்டர்தான். வேற பேச்சே கெடையாது," என்றார் தங்கப்பழம் அண்ணாச்சி.

அண்ணாச்சிதான் அணியின் முதலாளி. உப்பளக்காரர். பந்து நம் பக்கம் விழுந்தால் துக்கம், எதிர்ப்பக்கம் விழுந்தால் சந்தோஷம் என்பதற்கு மேல் வாலிபாலைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் இந்த விஷயத்தில் அவர் சொன்னதைத் தப்பு என்று தள்ளிவிட முடியாது. ஆறு பேர் ஆடும் ஆட்டத்தில், வந்த பந்தை ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள், இன்னொருத்தி அடிப்பாள். நடுவில் நின்று, யார் அடிப்பது, எந்த மூலையில் அடிப்பது என்று கண் இமைப்பதற்குள் முடிவுசெய்து பந்தைத் தூக்கிப் போடுகிறவள் செட்டர். நல்ல செட்டர் கிடைத்த அணி சீக்கிரம் தலையெடுக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள்.

பயிற்சியாளர் பிரிஜித்தா மச்சாடோவும் ஒரு காலத்தில் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளும் செட்டர்தான். பத்தொன்பது வயதில் மாநில அணிக்குள் நுழைந்தவள், இருபத்து மூன்றில் இடது முட்டியைத் தொலைத்துவிட்டு வெளியே வந்தாள். பிறகு கான்வென்ட் பள்ளியில் பி.டி. டீச்சர். இப்போது நாற்பத்தாறு வயதில் இந்த அணி. படியேறும்போது மட்டும் கைப்பிடியைத் தேடுவாள், அதுவும் யாரும் பார்க்கவில்லை என்றால்தான்.

"கிளி என்னப்பா சொல்லுது?" என்று கேட்டார் அண்ணாச்சி.

கிளி என்பது கணினி. அதன் உண்மையான பெயர் 'நாளைக்கணி'. ஒரு விளையாட்டு வீராங்கனையின் எலும்பு, தசை, தூக்கம், இதுவரை ஆடிய ஆட்டம் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால், அடுத்த பத்து வருடத்துக்கு அவள் எப்படி ஆடுவாள், எங்கே உடைவாள் என்று படமாகவே ஓட்டிக் காட்டும். வந்து ஆறேழு வருடம் ஆகியிருந்தது. லீக்கில் எல்லா அணிகளிடமும் ஒன்று இருந்தது. அண்ணாச்சிக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. சீட்டெடுக்கிற கிளி மாதிரிதானே என்றார், அதுவே நிலைத்துவிட்டது.

கிளியைப் பார்த்துக்கொள்கிறவன் உவைஸ், காயல்பட்டினத்துப் பையன். ஆபீஸ் சுவரில் ஒரு கோட்டுருவத்தை ஓடவிட்டான். "பூங்கனி. சாத்தான்குளம். பதினெட்டு வயசு. இவளவிட நல்ல செட்டர் இப்ப நாட்டிலேயே இல்ல அண்ணாச்சி. நம்ம எடுத்தா முதல் வருஷம் ஆறாவது எடம். அடுத்த வருஷம் மூணாவது. அதுக்கு அடுத்த வருஷம் கப்பு."

அண்ணாச்சி மக்ரூன் டப்பாவைத் திறந்து எல்லோர் பக்கமும் நீட்டினார். "பொறவென்ன? எடுத்துக்கிடுங்க."

"நாலாவது வருஷத்தையும் பாத்துருங்க."

கோட்டுருவம் ஓடியது, எம்பியது, இறங்கியது. மறுபடி ஓடியது. இடது முட்டியில் ஒரு மஞ்சள் புள்ளி தோன்றியது. அது ஆரஞ்சாகி, சிவப்பாகி, ஒரு எம்பலில் கோட்டுருவம் இறங்கி அப்படியே மடங்கி உட்கார்ந்தது. பிறகு எழவில்லை. மூன்று பேரின் கண்ணும் அந்தச் சிவப்பிலேயே இருந்தது.

"ஜவ்வு அத்துப்போவும்," என்றான் உவைஸ் மெதுவாக. "ஆபரேசன் பண்ணினாலும் பழைய ஆட்டம் வராது."

"நல்லா ஆடுற புள்ளைக்கு ஏன் அப்படி ஆவுது?"

பதிலைப் பிரிஜித்தா சொன்னாள். "நம்ம டீம்ல ஆடுறதுனால அண்ணாச்சி. எதிராளி போடுற சர்வீஸை எடுத்து ஒழுங்கா செட்டர் தலைக்கு மேல குடுத்தா, அவ நின்ன எடத்துல நின்னு ஆடுவா. நம்மாளுக எடுக்கிற பந்து ஒண்ணு பெஞ்சுக்குப் போவுது, ஒண்ணு அம்பயர் மடிக்குப் போவுது. செட்டர் நாலு பக்கமும் ஓடி, எட்டாததுக்கெல்லாம் எம்பி, கோணலும் மாணலுமா இறங்கணும். வருஷக்கணக்குல இறங்கினா முட்டி என்ன செய்யும்?"

"இவ வேற டீம்ல ஆடினா?"

உவைஸ் இன்னொரு படத்தை ஓட்டினான். "கோயமுத்தூர்ல போட்டுப் பாத்தேன். அங்க பந்து எடுக்க நல்ல ஆளுக இருக்காவ. பத்து வருஷமும் பச்சைதான்."

அண்ணாச்சி இன்னொரு மக்ரூனை எடுத்து வாயில் போட்டார். பிறகு, "மூணாவது வருஷம் கப்பு வந்துருதுல்லா?" என்றார். "நாலாவது வருஷம் வேற செட்டரப் பாத்துக்கிடுவோம்."

அண்ணாச்சி கெட்டவர் இல்லை. உப்பளத்தில் வேலைசெய்கிறவர்களின் பிள்ளைகள் பாதிப்பேர் அவர் செலவில் படித்தவர்கள். கிளி வருவதற்கு முன்னால் இப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்திருக்காது. அப்போதெல்லாம் முட்டி உடைந்தால் விதி என்று வருத்தப்பட்டு, ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் வாங்கிக்கொண்டு போவார்கள். இப்போது என்றைக்கு உடையும் என்று தெரிந்துவிடுகிறது. தெரிந்துவிட்டால் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளத் தோன்றிவிடுகிறது.

"அந்தப் புள்ளைக்கு இது தெரியுமா?" என்று கேட்டாள் பிரிஜித்தா.

"சொல்லக்கூடாதுக்கா. கணிப்பு அணியோட சொத்து. சொன்னோம்னு தெரிஞ்சா லீக்க விட்டே தூக்கிருவாவ."

"அவ முட்டி அவளுக்குச் சொத்து இல்லியா?"

உவைஸ் ஓடிக்கொண்டிருந்த படத்தை அணைத்தான்.

பிரிஜித்தா அண்ணாச்சி பக்கம் திரும்பினாள். "பந்து எடுக்கிற ஆள முதல்ல எடுப்போம். ரெண்டு வருஷம் பின்வரிசையச் சரி பண்ணுவோம். அதுக்குப் பொறவு செட்டர் எடுத்தா, அவ வந்து நிக்க ஒரு எடம் இருக்கும்."

"ரெண்டு வருஷம் கழிச்சு இப்படி ஒரு செட்டர் எங்க காய்ச்சுத் தொங்குவா டீச்சர்? கெடைக்கும்போது புடிச்சுப் போட்டுறணும். செட்டர் வந்தா மத்ததெல்லாம் தானா சரியாவும்." டப்பாவை மூடினார். "இன்னொண்ணு. இந்தத் தடவையும் கடைசின்னா நான் டீமை வித்துருவேன். சென்னைக்காரன் ஒருத்தன் கேட்டுக்கிட்டே கெடக்கான். அவன் வாங்கினா தூத்துக்குடிங்கிற பேரே இருக்காது. தேர்வு அன்னைக்கு மைக்கு உங்க கையிலதான் இருக்கும். பேரு மட்டும் அந்தப் புள்ள பேரா இருக்கட்டும்."

தேர்வுக்கு முந்தின முகாமில் பிரிஜித்தா பூங்கனியைப் பார்த்தாள். மெலிந்த, கறுத்த, வாய் ஓயாத பெண். அப்பா சாத்தான்குளத்தில் ஆட்டோ ஓட்டுகிறார். பள்ளிக்கூடத்துச் செம்மண் மைதானத்தில் கற்றுக்கொண்டதாம். பந்து அவள் விரல்களுக்கு வந்து போவது தெரியாது. அடிக்கிற பெண்ணே ஒரு கணம் ஆச்சரியப்பட்டுவிட்டுத்தான் அடித்தாள். பார்த்துக்கொண்டிருந்த பிரிஜித்தாவுக்குப் பொறாமையும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. பொறாமை சீக்கிரம் போய்விட்டது.

"டீச்சர், நீங்க செட்டர்லா? எங்க பி.டி. சார் உங்க ஆட்டத்தப் பத்திச் சொல்லிருக்காரு," என்று தானாகவே வந்து பேசினாள். "நீங்க ஆட்டம் எங்க படிச்சிய?"

"மாதா கோயிலுக்குப் பின்னால. கடற்கரை மணல்ல. அந்த எடமே கடல் பக்கமாச் சரிஞ்சு கெடக்கும். எம்பினா இடது கால முதல்ல ஊணித்தான் இறங்கணும். இல்லன்னா உருண்டு மீன் வலைக்குள்ள போயிருவோம்."

பூங்கனி சத்தமாகச் சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "என்னைய முதல்ல கூப்பிட்டுருவியல்லா டீச்சர்? எங்க அம்மா தேர்வு நாளுக்குன்னு சேல எடுத்து வச்சிருக்கா. முதல் பேரு நாந்தான்னு தெருவுல எல்லார்ட்டயும் சொல்லிட்டா," என்றாள்.

பிரிஜித்தா அவள் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு நகர்ந்தாள். முட்டியைப் பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் நகர்ந்தாள். ஆனாலும் பார்த்தாள். சின்னப்பிள்ளை முட்டி, சிராய்ப்புத் தழும்போடு.

தேர்வு மதுரையில் நடந்தது. பெரிய அரங்கம், பெரிய திரை. திரையில் ஒவ்வொரு பெண்ணின் பெயருக்குப் பக்கத்திலும் கிளிகள் சேர்ந்து போட்ட மதிப்பெண். பூங்கனி தொண்ணூற்றேழு. முன்வரிசையில் அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள். அம்மா மாம்பழ நிறத்தில் புதுச்சேலை கட்டியிருந்தாள். அந்தச் சேலை பிரிஜித்தாவின் கண்ணை விட்டுப் போகவே இல்லை.

இரண்டாவது அழைப்பு கோயம்புத்தூருக்கு. மதுரைக்காரர்களோடு ஏதோ பண்டமாற்றுச் செய்து வாங்கி வைத்திருந்தார்கள். நாம் விட்டால் அடுத்த நிமிடம் அவர்கள் அள்ளிக்கொண்டு போவார்கள். அங்கே பச்சை. பத்து வருடமும் பச்சை. தூத்துக்குடி கடைசியில் வந்தால் அண்ணாச்சி விற்பார், தன் வேலையும் போகும். பிரிஜித்தா இரண்டையும் ஒருதடவை நினைத்துப் பார்த்தாள். பிறகு மைக்கை வாங்கினாள்.

"தூத்துக்குடி கூப்பிடும் முதல் பெயர், தெய்வானை."

அரங்கத்தில் யாரும் கைதட்டவில்லை. தெய்வானையும் எழுந்து வரவில்லை. போலீஸ் அணியில் ஆடுகிற இருபத்தாறு வயது லிபரோ அவள். லிபரோ என்றால் வேறு நிறச் சட்டை போட்டுக்கொண்டு பின்வரிசையில் மட்டும் ஆடுகிறவள். அடிக்கக்கூடாது, தடுக்கக்கூடாது, வருகிற பந்தை எடுத்துக் கொடுப்பது ஒன்றே வேலை. லீக் தொடங்கிய நாளிலிருந்து ஒரு லிபரோவை யாரும் முதலில் கூப்பிட்டதில்லை. அவள் கடைசி வரிசையில் சமோசா தின்றுகொண்டிருந்தாள். வேறு தெய்வானையாக இருக்கும் என்று நினைத்து இன்னொரு வாய் கடித்தாள்.

அண்ணாச்சி எழுந்தார். பிரிஜித்தாவை ஒரு பார்வை பார்த்தார். டீ குடிக்க வெளியே போய்விட்டார்.

பிரிஜித்தா கோயம்புத்தூர் மேசையைப் பார்த்தாள். அங்கே நாலைந்து பேர் தலையைச் சேர்த்துக் குசுகுசுவென்று பேசினார்கள். பிறகு மைக்கில் வந்தது வேறொரு பெயர். சேலத்துப் பெண், உயரமானவள்.

"என்னப்பா இது?" என்று உவைஸின் கையைப் பிடித்தாள்.

உவைஸ் திரையைக் காட்டினான். பூங்கனியின் தொண்ணூற்றேழு, எண்பதாகியிருந்தது. "கிளி மனுசங்க செய்யுறதையும் சேத்துத்தான் பாக்கும்க்கா. நீங்க செட்டர். ஒரு செட்டரே இந்தச் செட்டர வேண்டாம்னு விட்டுட்டாவன்னா, உள்ள ஏதோ கோளாறு இருக்கு, நமக்குத் தெரியாதது இவியளுக்குத் தெரிஞ்சிருக்குன்னு எடுத்துக்கிடுது. எல்லாரோட கிளியும் ஒரே மாதிரிதான் யோசிக்கும்."

"நான் விட்டது அதுக்கில்லியே!"

"அது கிளிக்கு எப்படித் தெரியும்?"

கோயம்புத்தூரும் விட்டதும் எண் இன்னும் இறங்கியது. அடுத்தவர்கள் அதைப் பார்த்து அவளை விட்டார்கள், அதனால் மேலும் இறங்கியது. ஏழு அணிகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பார்த்துக் கைவிட்டார்கள். யாரும் அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை. பூங்கனி மட்டும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் பெயருக்குப் பக்கத்தில் எண் இறங்குவதை எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்து பார்ப்பது எப்படியிருக்கும்? அம்மா தலைப்பை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். இந்தப் பெண்ணைக் காப்பாற்றப் போய் நடுத்தெருவில் நிறுத்திவிட்டேனே என்று பிரிஜித்தா தன்னையே திட்டிக்கொண்டாள்.

முதல் சுற்று முடிந்தது. இரண்டாவது சுற்று. மறுபடியும் முதல் அழைப்பு தூத்துக்குடிக்கு.

பிரிஜித்தா மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கி, "பூங்கனி, சாத்தான்குளம்," என்றாள்.

அந்த நேரம் பார்த்து டீ குடித்துவிட்டு உள்ளே வந்த அண்ணாச்சிக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் தொடையில் ஓங்கி அறைந்தார். "அடேயப்பா! லிபரோவையும் எடுத்து, செட்டரையும் எடுத்து! எல்லாப் பயலையும் கண்ணக் கட்டி விட்டுட்டியளே டீச்சர்! எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருந்தா நான் டீக்குப் போயிருக்க மாட்டேம்லா!"

தந்திரம் இல்லை என்று பிரிஜித்தா அவரிடம் எவ்வளவோ சொன்னாள். தந்திரக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று அண்ணாச்சி கண்ணடித்தார். அன்றிலிருந்து தூத்துக்குடி முழுக்க அவளுக்குப் பெரிய மூளைக்காரி என்று பெயர். மறுக்க மறுக்கப் பெயர் வளர்ந்துகொண்டே போனது.

ஊர் திரும்பும் வேனில் பூங்கனி ஜன்னலைப் பார்த்தபடி வந்தாள். அவ்வளவு பேசுகிற பெண் அருப்புக்கோட்டை தாண்டியும் வாய் திறக்கவில்லை. எட்டயபுரத்தில் டீக்கு நிறுத்தியபோது பிரிஜித்தா அவளைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய் ஒரு வேப்பமரத்தடியில் நின்றாள்.

"ஏன் டீச்சர் என்னைய முதல்ல கூப்பிடல?" என்று கேட்டுவிட்டாள் பூங்கனி. "எனக்கு என்ன கொற? எங்கம்மாவுக்குத் தெருவுல எப்படிப் போறதுன்னு இருக்கு."

சொன்னால் லீக்கை விட்டுத் தூக்குவார்கள். பிரிஜித்தா சொன்னாள். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, நாலாவது வருடம், எல்லாவற்றையும் சொன்னாள். கோயம்புத்தூர்க்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்று நம்பிக் கூப்பிடாமல் விட்டதையும் சொன்னாள்.

பூங்கனி குனிந்து தன் இடது முட்டியை யாருடையதையோ பார்ப்பது போலப் பார்த்தாள். "அப்ப இது அத்துப்போவுமா?"

"போவ விடமாட்டேன். முதல் வருஷம் நீ பெஞ்சுல உக்காரு. கால் பலப்படட்டும். அதுக்குள்ள தெய்வானைய வச்சு மத்தவளுகளுக்குப் பந்து எடுக்கப் பழக்கிருதேன். அதுக்குப் பொறவு நீ எறங்கு. உன் தலைக்கு மேல பந்து வரும். நீ ஓடவேண்டாம்."

"ஒரு வருஷம் முழுக்க பெஞ்சுலயா?"

"ஒரு வருஷம் முழுக்க."

"எங்கம்மாட்ட என்ன சொல்லுவேன்?"

"டீச்சருக்குப் பைத்தியம்னு சொல்லு. நம்புவா."

பூங்கனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீரோடு சிரித்தாள்.

முதல் வருடம் அவள் பெஞ்சில் உட்கார்ந்து நகத்தைக் கடித்தாள். தெய்வானை வாய் பேசாமல் வேலை பார்த்தாள். காலையும் மாலையும் உயரமான இரண்டு பெண்களையும் சுவரோரம் நிறுத்தி, பந்தை எடு, பந்தை எடு என்று பிழிந்தாள். அடிப்பதற்கென்று பிறந்தவர்கள் நாங்கள் என்று நினைத்திருந்த இரண்டு பேரும் முழங்கை தோலுரிந்து அழுதார்கள், பிறகு பழகினார்கள். அந்த வருடம் சுமாரான ஒரு செட்டரை வைத்துக்கொண்டே அணி ஐந்தாவது இடம் வந்தது. அண்ணாச்சி சென்னைக்காரனின் போனை எடுப்பதை நிறுத்தினார். "லிபரோன்னா என்னன்னு எனக்கு அப்பவே தெரியும்," என்று ஊரில் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அடுத்த வருடம் பூங்கனி இறங்கினாள். பந்து அவள் தலைக்கு மேல் வந்தது. அவள் ஓடவேண்டியிருக்கவில்லை. அந்த வருடம் நாலாவது இடம், அதற்கடுத்த வருடம் இறுதிப்போட்டியில் தோல்வி. நாலாவது வருடம், கிளி சொன்னதற்கு ஒரு வருடம் பிந்தி, கப்பு வந்தது. துறைமுகம் வரை ஊர்வலம் போனார்கள்.

எல்லாம் நல்லபடியாக நடந்ததில் ஒரே ஒரு முள் மட்டும் பிரிஜித்தாவைக் குத்திக்கொண்டிருந்தது. பூங்கனிக்கு அந்த முட்டியை மறக்கத் தெரியவில்லை. பயிற்சி முடிந்ததும் தினமும் ஐஸ் பை கட்டிக்கொள்வாள். நாலாவது வருடம் பிறந்ததிலிருந்து ஒவ்வொரு சர்வீஸுக்கு முன்னாலும் இடது முட்டியைத் தொட்டுப் பார்த்துக்கொள்வாள். இறுதிப்போட்டியில்கூட ஒரு பந்துக்கு எம்பலாமா வேண்டாமா என்று தயங்கி விட்டுவிட்டாள். இன்றைக்கா, நாளைக்கா என்று கேட்டுக்கொண்டே ஒரு பெண் ஆடுவதைப் பார்க்கும்போதெல்லாம், சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று பிரிஜித்தாவுக்குத் தோன்றும். சொல்லாமல் இருப்பதும் நியாயமில்லை என்று உடனே தோன்றும். நாலு வருடமாக இரண்டும் மாறி மாறித் தோன்றிக்கொண்டிருந்தன.

கப்பு வந்த அடுத்த வாரம், மாலை வெயில் உள்விளையாட்டரங்கின் ஜன்னல்களில் சாய்ந்திருந்தபோது, உவைஸ் மடிக்கணினியோடு வந்து கேலரிப் படியில் பிரிஜித்தாவின் பக்கத்தில் உட்கார்ந்தான். கீழே பூங்கனி புதிதாக வந்த பெண்களுக்குப் பந்து தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"கிளி செஞ்ச கம்பெனிக்காரன் கேக்கான்க்கா. பூங்கனி முட்டி ஏன் போவலன்னு."

"போவலன்னு வருத்தமா அவனுக்கு?"

"கணிப்பு தப்பிருச்சுல்லா. பந்து நல்லா வந்ததுனால மஞ்சள் கொறையணும், அது சரி. ஆனா இவ காலுல மஞ்சளே இல்ல. பொறந்த புள்ள காலு மாதிரி இருக்கு."

பழைய கணிப்பையும் இறுதிப்போட்டியின் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டான். பிரிஜித்தா முதல்முறையாக அந்தச் சிவப்பைப் பார்க்காமல் மற்றதைப் பார்த்தாள். மறுபடி ஓட்டச் சொன்னாள். இன்னொரு தடவை.

"உவைஸ், பூங்கனி ரெண்டு காலையும் சேத்துல்லா இறங்குதா?"

"ஆமா. அதுதான் அவ அழகு."

"அப்ப இது யாரு?"

கணிப்பில் ஆடிய கோட்டுருவம் எம்பி இறங்கியது. இடது காலை முதலில் ஊன்றி, பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி, அதற்குப் பிறகுதான் வலது காலைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு தடவையும் அப்படியே. சமதளத்தில் அப்படி இறங்க ஒரு காரணமும் கிடையாது.

பிரிஜித்தா எழுந்தாள். கைப்பிடியைப் பிடிக்காமல் கேலரியிலிருந்து ஒரு படி கீழே இறங்கினாள். இடது கால் முதலில். பாதம் வெளிப்பக்கம் திரும்பி. உவைஸ் அவள் காலைப் பார்த்தான், திரையைப் பார்த்தான், மறுபடியும் காலைப் பார்த்தான். பிறகு விசைகளைத் தட்டத் தொடங்கினான்.

"பூங்கனியோட ஆட்டம் ஸ்கூல் மேட்ச் மட்டுந்தான் கிளிட்ட இருந்திருக்கு," என்றான் கடைசியில். "மோசமான பந்த வச்சுக்கிட்டு ஒரு செட்டர் வருஷக்கணக்கா ஆடினா என்ன ஆவும்னு பாக்க, அதுக்கு இன்னொருத்தியோட பதிவு வேணும். முட்டி ஸ்கேன் வரைக்கும் முழுசா இருக்கிறது ஒரே ஒரு ஆளோடதுதான். பேரு போடமாட்டாவ, வெறும் நம்பர். ஊரு மட்டும் இருக்கு."

"சொல்ல வேண்டாம்," என்றாள் பிரிஜித்தா. "எப்பவோ ஒரு காலேஜ்ல இருந்து ஆராய்ச்சிக்குன்னு வந்து கேட்டாவ. எல்லாத்தையும் எடுத்துக்கிடுங்கன்னு குடுத்தேன். எனக்கு அது எதுக்குன்னு."

வருங்காலம் என்று அந்த அறையில் மூன்று பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது அவளுடைய பழைய கதைதான். பத்தொன்பதில் நுழைந்து, பந்து எடுக்க ஆளில்லாத அணியில் நாலு பக்கமும் ஓடி, நாலாவது வருடம் மடங்கி உட்கார்ந்தவள் அவள்தான். அன்றைக்கு அவளை இழுத்துப் பெஞ்சில் உட்காரவைக்க ஒரு ஆள் இல்லை.

"கணிப்பு மொத்தமும் தப்பாக்கா?" என்று கேட்டான் உவைஸ்.

"ஆளுதான் தப்பு. கணக்கு தப்பில்ல. நம்ம டீம்ல அன்னைக்கே எறக்கி விட்டிருந்தா, இவ காலு எப்படி இறங்கினாலும் ஒருநா போயிருக்கும்." கொஞ்சம் நிறுத்தி, "போயிருக்காமயும் இருக்கலாம்," என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அண்ணாச்சியிடம் இதைச் சொன்னால் இதுவும் தந்திரம் என்பார்.

கீழே பயிற்சி முடிந்துவிட்டது. பூங்கனி வழக்கம்போல இடது முட்டியில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு நொண்டி நொண்டி மேலே ஏறி வந்தாள். நொண்டுவதற்கு ஒரு வலியும் இல்லை, பயம்தான்.

"என்ன டீச்சர், ரெண்டு பேரும் சிரிக்கிய?"

"ஏட்டி, இங்க வா. உக்காரு." பிரிஜித்தா மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினாள். "இத நல்லாப் பாரு. எப்படி இறங்குதான்னு பாரு. இது நீயா?"

பூங்கனி பார்த்தாள். முதலில் அவள் கண்ணும் சிவப்புக்குத்தான் போனது. பிறகு பாதத்துக்கு வந்தது. புருவம் சுருங்கியது. "நான் இப்படி இறங்கமாட்டேனே. இது கடல் பக்கமாச் சரிஞ்ச எடத்துல..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நிறுத்தினாள். மாதா கோயிலும் மணலும் மீன் வலையும் அவளுக்கு நினைவு வந்துவிட்டது தெரிந்தது.

"நாலு வருஷமா உன்னைப் பயமுறுத்தினது உன் முட்டி இல்லட்டி. என்னுது," என்றாள் பிரிஜித்தா. "உன்னுது நல்லாருக்கு. இனிமே தொட்டுப் பாக்காத."

பூங்கனி ஒரு படி கீழே இறங்கி உட்கார்ந்து, முட்டியில் கட்டியிருந்த ஐஸ் பையை மெதுவாக அவிழ்த்தாள்.

"கால நீட்டுங்க டீச்சர்."

பிரிஜித்தா வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். சொல்லாமல் நீட்டினாள். பூங்கனி அந்தப் பையை அவள் இடது முட்டியில் வைத்து, பட்டையைச் சுற்றிக் கட்டினாள். குளிர்ச்சி உள்ளே இறங்கியது. நன்றாக இருந்தது.

"இறுக்கமா இருக்கா?"

"இல்ல. சரியா இருக்கு," என்றாள் பிரிஜித்தா.